பைப்பால் ஒரு லிட்டர்

என் சம்பந்திக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. எனக்கு ராஜபாளையம். பஸ்ஸில் ஏறி, மடியில் பையை வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்டு, அவர் தன் மகன் வேலை பார்க்கிற ஊர் வரைக்கும் சொல்லி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். அவ்வளவுதான் தூரம். ஆனாலும் நான் போய் இறங்கும்போதெல்லாம் சம்பந்தி, கப்பலில் வந்தவனை விசாரிப்பதுபோல, "பிரயாணம் எல்லாம் சௌரியமா?" என்று கேட்பார்.

அந்தத் தடவை என்னை வரச் சொன்னது மகள். போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, மாமாவுக்குக் கண்ணு ஆபரேசன் முடிஞ்சிருச்சு. அத்தை கோயம்புத்தூர்ல மதினி பேறுகாலத்துக்குப் போயிருக்காவ. அவியளுக்குத் திருப்பூர்ல லீவு இல்லையாம். நான் கடைக்குப் போற நேரம் மட்டும் வந்து கூட இருங்க."

"அவிய" என்றது என் மருமகனை. மகளுக்கு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. லீவு கேட்டால் முதலாளி முகம் முறுக்கிக்கொள்ளும். சரி, வாரேன் என்றேன்.

அந்த ஆபரேஷன் எப்போதோ முடிந்திருக்க வேண்டியது. சர்க்கரை இறங்கினால்தான் கண்ணில் கை வைப்போம் என்று ஆஸ்பத்திரியில் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். என் மகள் அவருக்குக் கேப்பைக்களி கிண்டினாள், பாகற்காய் வதக்கினாள், காப்பியில் சீனியை நிறுத்தினாள். பிறகு சீனி டப்பாவையே எங்கேயோ ஒளித்து வைத்தாள். இத்தனை செய்தும் சர்க்கரை இறங்கவில்லை. "எங்கருந்துதான் ஏறுதோ தெரியலப்பா, காத்துலருந்து இழுக்காவ போல" என்று என்னிடம் புலம்புவாள். கடைசியில் மாத்திரையைக் கூட்டி, ஒருவழியாக இறக்கி, ஆபரேஷன் நடந்தது. ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணிலும் புரை முற்றிக் கிடக்கிறது. அதில் நிழல் ஆடுவது மட்டும்தான் தெரியும்.

புரை ஆபரேஷன் எனக்கும் ஆகியிருக்கிறது. கட்டைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது சுவரில் இருந்த பேன் சுவிட்சு. அதற்கப்புறம் எனக்குப் பெரிதாக நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை. சுவிட்சின் முகத்தில் முழித்தவனுக்கு வேறு என்ன நடக்கும்?

சம்பந்தி என்னைப் போல ஏமாறத் தயாராக இல்லை. கட்டைப் பிரித்ததும் யார் முகத்தில் முழிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தார். பெற்ற மகன் முகத்தில் இல்லை, கோபுரத்திலும் இல்லை. வீட்டில் வளர்க்கிற மீனின் முகத்தில்.

அந்த மீனுக்குப் பூவும் கொம்பும் சேர்ந்தாற்போல ஏதோ இங்கிலீஷ் பேர் உண்டு என்று மகள் சொல்லியிருக்கிறாள். நான் பார்த்த வரையில் பூவும் இல்லை, கொம்பும் இல்லை. நெற்றியில் கொழுக்கட்டையை ஒட்டவைத்தது போல ஒரு புடைப்பு. வாஸ்து மீன் என்று வாங்கியது. சம்பந்தி மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். அவருடைய பழைய முதலாளிக்கு அதே மாதிரி நெற்றியாம். அதனால் மீனுக்கும் "முதலாளி" என்றே பெயர் வைத்துவிட்டார். பெயர் வைத்த பிறகு மரியாதை தானாக வந்துவிட்டது. "முதலாளி சாப்பிட்டாரா?", "முதலாளி இன்னைக்கு மொகம் சரியில்லையே" என்றுதான் பேசுவார். என்னை ஒருநாளும் அப்படி விசாரித்தது கிடையாது. நானும் பெண்ணைக் கொடுத்தவன்தான்.

தொட்டி மூன்றடி நீளம். கூடத்துச் சுவரோரம் இரும்பு ஸ்டாண்டில் இருந்தது. தொட்டியின் மூலையில் தண்ணீருக்குள்ளேயே ஒரு சின்ன மோட்டார் முங்கிக் கிடக்கும். அது தண்ணீரை உறிஞ்சி, குழாய் வழியாக மேலே இருக்கிற பிளாஸ்டிக் பெட்டிக்கு ஏற்றும். பெட்டிக்குள் பஞ்சு. அழுக்கு பஞ்சில் தங்கிவிட, நல்ல தண்ணீர் மறுகோடியில் இருக்கிற துவாரம் வழியாகத் திரும்பத் தொட்டிக்குள் விழும். இதுதான் பில்டர். நாள் முழுக்க, அய்யனார் கோவில் அருவியைச் சொம்புக்குள் அடைத்து வைத்தது மாதிரி சலசலவென்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டால்தான் சம்பந்திக்குத் தூக்கம் வரும்.

நான் போய் இறங்கியதுமே, கட்டுப்போட்ட கண்ணோடு எனக்குச் சட்டம் வாசித்தார்.

"சம்பந்தி, வீட்ல எத வேணாலும் தொடுங்க. அந்தப் பெட்டி மூடிய மட்டும் தொறக்காதீய."

"ஏன், கரண்டு அடிக்குமா?"

"உள்ள நல்ல பூச்சி இருக்கு. அதுதான் தண்ணியச் சுத்தம் பண்ணுது. காத்துப் பட்டா செத்துரும்."

"பூச்சியில நல்ல பூச்சியா?"

"கண்ணுக்குத் தெரியாது."

கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குக் கண் தெரியாதவர் காவலா என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் சித்தெறும்பு சாரைசாரையாகத் தொட்டியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன்.

"மீன் தீனிக்கு வருது. எறும்புக்கும் வயிறு இருக்குல்ல?" என்றார்.

மறுநாள் காலையில் மகள் கடைக்குக் கிளம்பும்போது இன்னொரு சட்டம் வாசித்தாள்.

"மாமா, மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து நானே கட்டப் பிரிச்சு மருந்து விடுறேன். அதுவரைக்கும் குனியக் கூடாது. தும்மக் கூடாது. கோவப்படக் கூடாது. அப்பா, மாமாவக் கோவப்படுத்திராதீங்க."

"நான் என்னட்டி செய்யப் போறேன்?"

"ஒண்ணுமே செய்யாம இருங்க. அது போதும்."

அவள் போனதும் நான் தெருமுனைக்கு டீ குடிக்கப் போனேன். அந்த வீட்டில் சீனி இல்லாத காப்பி எல்லாருக்கும் சட்டம். டீக்கடையில் ஒருவர் வன்னியம்பட்டியில் தன் கிணற்றில் மோட்டார் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மோட்டாரை எடுக்க இறங்கினவர் செருப்பு விழுந்தது, செருப்பை எடுக்க இறங்கினவர் செல்போன் விழுந்தது என்று அந்தக் கதை போய்க்கொண்டே இருந்தது. முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

வந்து பார்த்தால், சம்பந்தி தொட்டிக்கு எதிரே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் துடைப்பதை நிறுத்தினார்.

"யாரு, சம்பந்தியா? ஏன் சத்தம் கொறைஞ்சிருக்கு?"

"நான் ஒண்ணும் பேசவே இல்லையே."

"ஒங்க சத்தம் இல்லைய்யா. தண்ணிச் சத்தம்."

அப்போதுதான் கவனித்தேன். சலசலப்பு இல்லை. பெட்டியின் துவாரத்திலிருந்து, மூடிய குழாயில் சொட்டுவது மாதிரிச் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றேன். கோபப்படுத்தக் கூடாதல்லவா?

"என் கண்ணத்தான் கட்டியிருக்கு. காதக் கட்டல. தண்ணி சுத்தலன்னா முதலாளிக்கு மூச்சு முட்டும். இந்த வெக்கையில மத்தியானம் வரைக்கும் தாங்க மாட்டாரு. நான் யார் மொகத்துல முழிக்கப் போறேன்?"

குரல் உடைந்துவிட்டது. அழுதால் கண்ணுக்குக் கெடுதல். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"பிளக்கு மாட்டியிருக்கா?" என்று சம்பந்தி கேட்டார்.

"மாட்டியிருக்கு."

"மோட்டார் ஓடுதா?"

கண்ணாடியில் காதை வைத்தேன். "முனங்குது."

"முனங்குனா ஓடுதுன்னு அர்த்தம்."

"அப்படியெல்லாம் சொல்ல முடியாது. எங்க வீட்ல ஒருத்தி காலையிலருந்து முனங்குவா. ஒரு வேல ஓடாது."

"குழாய் மடங்கியிருக்கா பாருங்க."

"நேராத்தான் இருக்கு. பஞ்சு அடைச்சிருக்கும். மூடியத் தொறந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம்!" நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"கோவப்படக் கூடாதுன்னு புள்ள சொல்லிட்டுப் போயிருக்கு."

"கோவம் இல்ல. பூச்சி."

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. சின்ன வயசிலிருந்து மாந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சினவன். தோப்பு அய்யனார் கோவில் போகிற வழியில், மலையடியில். ஒருநாள் இப்படித்தான் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனது. மேல்தோப்புக்காரன் அடைத்துவிட்டான் என்று அவனோடு சண்டைக்குப் போய், அவன் தாத்தா வரைக்கும் இழுத்துப் பேசிவிட்டு, பிறகு வாய்க்காலோடு நடந்து போய்ப் பார்த்தால், மடைவாயில் ஓர் எருமை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பினேன், தண்ணீர் வந்தது. எருமைக்காரனும் வந்தான், அதை இங்கே சொல்ல வேண்டாம். அன்றிலிருந்து எங்கே தண்ணீர் நின்றாலும் என் மனசு எருமையைத் தேடும். இந்தத் தொட்டியில் எருமை எங்கே படுத்திருக்கிறது?

மோட்டாரின் வாயை உற்றுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சுத்தமாக, கண்ணாடி மாதிரி இருந்தது. தடவிப் பார்க்கலாம் என்று கையை விட்டேன். முதலாளி வந்தார். அந்த நெற்றியோடு மூலையிலிருந்து புறப்பட்டு வந்தார் பாருங்கள், லாரி தோற்றது. கையை எடுத்துவிட்டேன்.

"என்ன ஆச்சு?"

"முதலாளி ஆபீசுக்குள்ள விட மாட்டேங்காரு."

ஒரு பக்கம் மீன் மேலே மேலே வந்து வாயைப் பிளக்கிறது. இன்னொரு பக்கம் சம்பந்தி நெஞ்சைத் தடவுகிறார். முதலில் மனுசனை அமர்த்துவோம் என்று அடுப்படியிலிருந்து வாளியும் சொம்பும் எடுத்து வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வாளித் தண்ணீரை மோந்து மோந்து உயரத்திலிருந்து திரும்ப வாளிக்குள்ளேயே ஊற்றினேன்.

"இப்பக் கேக்குதா?"

முகம் தெளிந்தது. "கேக்குது. ஆனா விட்டு விட்டு வருது."

"கரண்டு ஏத்த எறக்கம்."

"செத்த வேகமா வரச் சொல்லுங்க."

வேகமாக ஊற்றினேன். எவ்வளவு நேரம் ஊற்றுவது? தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. தொட்டியின் ஓரத்தில், அதை விற்ற மீன்கடைக்காரரின் நம்பர் மீன் படத்தோடு ஒட்டியிருந்தது. எண் எனக்குத் தெரியும். எழுத்துத்தான் தகராறு. கொல்லைப்புறம் போய், சம்பந்திக்குக் கேட்காமல் போன் போட்டேன். கடைக்காரர் வண்டி ஓட்டிக்கொண்டே பேசினார் போலிருக்கிறது, பாதி காற்று, பாதி ஹாரன். எங்கள் ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"பஞ்சு அடைச்சிருக்கும் பெரியவரே. பஞ்ச எடுத்துட்டு…" ஹாரன். "…பைப்பால் ஒரு லிட்டர் போட்டா தண்ணி தடையில்லாம ஓடும்."

"என்ன பாலு?"

"பைப்பால், பைப்பால். ஒரு லிட்டர். நான் அந்தப் பக்கந்தான்…" அதோடு போச்சு.

பைப்பால். பையில் வருகிற பால். பாக்கெட் பால். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. லிட்டர் என்று வேறு சொல்லிவிட்டார். குடிக்கிற பாலைத் தவிர லிட்டரில் அளக்கிற பால் வேறு எது? புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம், சாமிக்கு ஊற்றுகிறோம், இவர் முதலாளி வேறு. பாலில் ஒரு வழுவழுப்பு உண்டு, அடைப்பு வழுக்கிக்கொண்டு போகும் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டேன்.

தெருமுனைக் கடையில் ஓர் அம்மா இருந்தது.

"பைப்பால் ஒரு லிட்டர் குடுங்க."

"பாக்கெட் பாலா? எங்க ஊருக்கு வந்து பாக்கெட் பால் கேக்கீயளே, நீங்க ராஜபாளையமா?"

"எப்படித் தெரிஞ்சது?"

"கேள்வியிலயே தெரியுதே. பசும்பால் இப்பத்தான் கறந்து வந்திருக்கு, கொண்டுபோங்க. யாருக்கு, கொழந்தைக்கா?"

"மீனுக்கு."

"யாருக்கு?"

"மீனுக்கு. தொட்டி மீனு."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது. "சீனி வேணுமா, வீட்ல இருக்கா?" என்று கேட்டது. உண்மையாகக் கேட்டதா, கிண்டலா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் புதுச் சிக்கல். பச்சையாக ஊற்றுவதா, காய்ச்சி ஊற்றுவதா? கடைக்காரருக்குப் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பச்சைப் பால் வயிற்றுக்கு ஆகாது என்று காய்ச்சினேன். காய்ச்சியது கொதிக்கிறதே, மீன் குழம்பாகிவிடுமே என்று இரண்டு சொம்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, பேனுக்கு அடியில் நின்று உயரத் தூக்கி ஆற்றினேன். சளார் சளார் என்று சத்தம்.

சம்பந்தி நாற்காலியில் சாய்ந்தார். "ஆகா. இப்பத்தான் பழையபடி விழுது. என்ன செஞ்சீய?"

"செஞ்சுகிட்டே இருக்கேன்."

"கெட்டிக்காரர்யா நீங்க. இத்தன வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே."

கல்யாணம் பேச வந்த நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நான் பால் சில்லிட்டுப் போகும் வரைக்கும் ஆற்றினேன். பிறகு, மூடியைத் தொடக் கூடாது என்ற சட்டம் ஞாபகம் வந்து, தொட்டியிலேயே ஓரமாக ஊற்றினேன்.

முதலில் ஒரு மேகம் இறங்கியது. அழகாகத்தான் இருந்தது. முதலாளி அதைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மேகம் பரந்தது. கொஞ்ச நேரம் நெற்றி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. கூடத்தில் மூன்றடிக்கு ஒரு பாற்கடல். சொட்டு மட்டும் முன்போலவே சொட்டிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி, பால் வாடை வருதே?"

"பக்கத்து வீட்ல காய்ச்சுறாவ போல."

"சத்தம் திரும்ப நின்னுபோச்சே!"

சொம்புகள் இரண்டும் காலி. நான் வாளியைத் தேடி ஓடினேன். அதற்குள் அந்த மனுசன் பொறுமை இழந்துவிட்டார். "என் முதலாளிக்கு என்னமோ ஆகிப்போச்சு. நானே பாக்கேன்" என்று, முகத்தைத் தொட்டியோடு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, பிளாஸ்திரியைப் பிய்த்துக் கட்டை எடுத்துவிட்டார்.

கண்ணைத் திறந்தார். மூடினார். திறந்தார்.

"ஐயோ! வெள்ளையாத் தெரியுதே! ஒரே வெள்ளையா இருக்கே! என் கண்ணு போச்சே!"

பதறிப்போய் என் பக்கம் திரும்பினார். அங்கே வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையோடு நான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் புதிதாக வெள்ளையடித்த சுவர்.

"இங்கயும் வெள்ளையா இருக்கே! மேலருந்து என்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்காவளே!"

"சம்பந்தி, நான்தான். ஒங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அது பாலு."

"என்ன பாலு?"

"காய்ச்சின பாலு."

"எங்க?"

"தொட்டியில."

"முதலாளி?"

"அவரும் அதுலதான் இருக்காரு."

அந்த நேரம் வாசலில் வண்டி நின்றது. மீன்கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பை நிறைய, நெல்லிக்காய் அளவில் ஓட்டை ஓட்டையாகக் கறுப்புப் பந்துகள்.

"பெரியவரே, இந்தாங்க பயோ பால். நானே கொண்டு வாரேன்னு சொல்ல வந்தேன், போன் கட்டாயிருச்சு."

"இதா பாலு?"

"பால்னா பந்துங்க. பயோ பால். பஞ்சுக்குப் பதிலா இதப் போட்டா…" அப்போதுதான் தொட்டியைப் பார்த்தார். "தேவுடா!"

"பைப்பால் ஒரு லிட்டர்னு சொன்னீரேய்யா! பந்த எவனாவது லிட்டர்ல அளப்பானா?"

"இத லிட்டர்லதான் அளப்போம்!"

கடைக்காரர் பையைக் கீழே போட்டார். பிளக்கைப் பிடுங்கினார். கொல்லையில் டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வாளியில் நிரப்பச் சொன்னார். வலையை விட்டுத் துழாவி, பாலுக்குள்ளிருந்து முதலாளியை அள்ளி வாளியில் போட்டார். முதலாளி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தார். செவுள் மட்டும் லேசாக அசைந்தது. சம்பந்தி வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குனியக் கூடாது என்பதால் விறைப்பாக, மேலே பார்த்தபடியே உட்கார்ந்தார்.

"இருக்காரா?" என்று விட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மனுசனுடைய சந்தோஷத்தைக் கொன்றுவிட்டேனே என்று இருந்தது. மெதுவாக வாளிக்குள் விரலை விட்டு, அந்தக் கொழுக்கட்டை நெற்றியைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை தொட்டேன்.

நறுக்கென்று கடித்தார் முதலாளி.

"இருக்காரு! இருக்காரு!" என்று கத்தினேன். விரலில் ரத்தம். சம்பந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டார். கடி வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

கடைக்காரர் தொட்டித் தண்ணீரை எல்லாம் டியூப் போட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு விட்டார். பிறகு மோட்டாரை வெளியே தூக்கினார். அதன் வாயில் வெங்காயத் தோல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. உரித்தெடுத்தார். கண்ணாடி மாதிரி மெல்லிய பாலிதீன் கவர். தண்ணீருக்குள் இருந்ததால் கண்ணுக்கே தெரியவில்லை. உறிஞ்சுகிற வாயை அப்படியே அப்பிக்கொண்டிருக்கிறது. ஆக, எருமை மடைவாயில்தான் படுத்திருந்தது. நான்தான் எருமையைக் கறுப்பு நிறத்தில் தேடியிருக்கிறேன்.

"பஞ்செல்லாம் ஒண்ணும் அடைக்கல. இது எப்படி உள்ள விழுந்துச்சு?" என்று கடைக்காரர் கவரை மோந்து பார்த்தார். "நெய் வாசம் அடிக்குது."

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

"எதுக்கும் மேல் பெட்டியையும் கழுவிருவோம்" என்று மூடியில் கை வைத்தார் கடைக்காரர்.

"பூச்சி! பூச்சி செத்துரும்!"

மூடி திறந்துவிட்டது. ஒரு பக்கம் பஞ்சு. மூலையில் ஒரு தடுப்புக்கு அப்பால் தண்ணீர் ஏறாத, காய்ந்த சின்ன அறை. அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட ஒரு பொட்டலம். அதைச் சுற்றி, சுவரில் ஏறின சித்தெறும்பு ஊர்வலம் முழுவதும்.

பால்கோவா. எங்கிருந்து சர்க்கரை ஏறுகிறது என்று என் மகள் வீடு முழுக்கத் தேடினாளே, அது பில்டரிலிருந்து ஏறியிருக்கிறது. காலையில் நான் டீக்கடையில் கிணற்றுக் கதை கேட்ட நேரத்தில், சம்பந்தி கண்ணைக் கட்டிய நிலையிலும் தட்டித் தடவி எழுந்து போய், ஒரு வாய் போட்டிருக்கிறார். வில்லையைச் சுற்றியிருந்த கவர் கைதவறித் தொட்டிக்குள் விழுந்திருக்கிறது.

"ஏன் சம்பந்தி," என்றேன், "நான் ஊத்துறதுக்கு முந்தியே நீங்க பில்டர்ல பால் போட்டு வச்சிருக்கீயளே?"

"கொஞ்சந்தான். வாய்க் கசப்புக்கு."

பொட்டலத்தை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். "இது நல்லாத் தெரியுதா?"

"தெரியுது."

"தள்ளிப் பிடிச்சா?"

"தெரியுது."

"வாசல்ல நின்னு காட்டினா?"

"கட்டின கயிறுகூடத் தெரியுது. இங்க கொண்டாங்க."

"அது கயிறில்ல, ரப்பர் பேண்டு. ஆனா ஆபரேசன் சக்சஸ்."

கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் அவசரமாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பசும்பாலைப் பற்றி அவர் வாயைத் திறக்க மாட்டார். பால்கோவாவைப் பற்றி நான் திறக்க மாட்டேன். பொட்டலம் என் கைப்பைக்குள் போய், என்னோடு ராஜபாளையம் பஸ் ஏறிவிட வேண்டும். அவர் ஒரே ஒரு வில்லை கேட்டார். தர முடியாது என்றேன். அவர் வாயைத் திறந்து, "ஏம்மா மருமகளே, ஒங்கப்பா…" என்று ஒத்திகை பார்த்தார். அரை வில்லை கொடுத்தேன்.

மகள் சாப்பாட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தொட்டியில் புதுத் தண்ணீர் பளிங்கு மாதிரி நின்றது. சலசலவென்று அருவி விழுந்தது. முதலாளி நடுவில் நின்று எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தி கறுப்புக் கண்ணாடி போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மாமா! கட்ட யாரு பிரிச்சா?"

"அரிச்சிச்சும்மா. நானே எடுத்துட்டேன். நல்லாத் தெரியுது."

"யார் மொகத்துல முழிச்சீய? முதலாளியா?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். "மொகம்னு சொல்ல முடியாது. வெள்ளையா இருந்துச்சு."

மகள் அவருக்குச் சொட்டு மருந்து விட்டாள். பிறகு என் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். கறிவேப்பிலைச் செடியடியில் ஏன் பூனைகள் கூடி நிற்கின்றன என்று கேட்டாள். வெயில் என்றேன். சுவரைப் பார்த்தாள்.

"எறும்பு இன்னைக்கு வேற பக்கமாப் போகுதே?"

நானும் பார்த்தேன். சித்தெறும்புச் சாரை தொட்டிக்கு ஏறவில்லை. சுவரிலிருந்து இறங்கி, கூடத்தைக் குறுக்கே கடந்து, நாற்காலியைச் சுற்றி, ஆணியில் தொங்குகிற என் கைப்பைக்குள் ஒழுங்காக வரிசையில் போய்க்கொண்டிருந்தது. மகள் அதன் கூடவே நடந்து போனாள். பையைத் திறந்தாள். பொட்டலத்தை எடுத்தாள். என்னைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள்.

"அப்பா, இது என்ன?"

சம்பந்திதான் கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கௌரவமாகப் பதில் சொன்னார்.

"அது பைப்பாலும்மா. பில்டருக்கு."